மறு: பார்டன், கம்யூட்டேஷன், ரிப்ரீவ்: தமிழில் என்ன? (திங்கட்கிழமை அச்சுக்கு)

பொன்னி எழுதியது:

குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கச் சட்ட வரலாறு பற்றிய பாடநூல் ஒன்றில் எனக்கு ஓர் இயல் வந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே தண்டனை பெற்றவர்களுக்காக மாநில ஆளுநரிடம் மனுப் போட்ட கதை. திங்கட்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, ஐந்து சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: பார்டன், கம்யூட்டேஷன், ரிப்ரீவ், ரெஸ்பைட், ரெமிஷன்.

நம் செய்தித்தாள்களில் மன்னிப்பு அல்லது தண்டனைக் குறைப்பு என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். இங்கே அப்படித் தப்பிக்க வழியில்லை. நியூயார்க்கின் 1846ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தேசத்துரோகமும் பதவிநீக்க வழக்கும் தவிர மற்றக் குற்றங்களுக்கு ரிப்ரீவ், கம்யூட்டேஷன், பார்டன் மூன்றையும் வழங்கும் அதிகாரத்தை ஆளுநருக்குக் கொடுக்கிறது. கொடுத்த கையோடு, யாருக்கு எதை வழங்கினார், என்ன குற்றம், என்ன தண்டனை, எந்தத் தேதி என்று வருடா வருடம் சட்டமன்றத்துக்குக் கணக்குக் காட்டவும் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பற்றிய பத்தியில் மூன்று சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன.

இந்த மனுக்களைப் பார்க்காதவர்களுக்காக: 'மேதகு ஆளுநர் அவர்களுக்கு' என்று தொடங்கும். கீழே ஊர்க்காரர்கள் கையெழுத்து. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன ஜூரிகளே பல மனுக்களில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், சில சமயம் அரசு வழக்கறிஞரும் நீதிபதியும் கூட. சிறை மருத்துவரின் சீட்டு ஒன்று இருக்கும்: காசம், இந்தக் குளிர்காலம் தாங்காது. மனைவியின் கடிதம் தனியாக: வாடகை பாக்கி, குழந்தைகள், அவர் குடித்திருந்ததால் நடந்துவிட்டது. எல்லாவற்றையும் நீளவாக்கில் மடித்துக் கட்டி, வெளிப்புறத்தில் பெயரும் மாவட்டமும் குற்றமும் எழுதி, அதன் கீழே முடிவைக் குறித்து வைப்பார்கள். பெரும்பாலும் ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குத்தான் தமிழ் கேட்கிறேன்.

அன்புடன், பொன்னி

வழக்காடி எழுதியது:

பொன்னி, புதிதாக ஒன்றும் படைக்க வேண்டாம். நம் அரசியலமைப்பின் 72, 161 உறுப்புகளும் இதே சொற்களைத்தான் அடுக்குகின்றன. பார்டன் மன்னிப்பு. கம்யூட்டேஷன் தண்டனை மாற்றம்: தூக்கு ஆயுளாகும், வகையே மாறும். ரெமிஷன் தண்டனைக் குறைப்பு: வகை அதேதான், காலம் குறையும். ரிப்ரீவ் நிறுத்திவைப்பு. ரெஸ்பைட் என்பது கர்ப்பிணிக்குத் தூக்கைத் தள்ளிப்போடுகிற மாதிரியான சங்கதி. இதைத் தமிழில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரே எச்சரிக்கை. 'தண்டனைத் தள்ளுபடி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடன் தள்ளுபடி என்றால் வாங்கியவருக்குக் கொண்டாட்டம். மனு தள்ளுபடி என்றால் போட்டவருக்குக் கதை முடிந்தது. இரண்டு தள்ளுபடியும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவன் சிரிப்பானா அழுவானா?

அப்புறம், 'ஆளுநர்' என்பதற்கும் ஓர் அடிக்குறிப்புப் போடுங்கள். இங்கே அவர் அமைச்சரவை சொல்படி நடக்க வேண்டியவர். 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அங்கே அவர் ஓட்டு வாங்கி வந்தவர். மன்னிப்பும் அவர் கையெழுத்து, பழியும் அவர் தலையில். வேண்டியவனுக்கு வேண்டியதைச் செய்கிறார் என்ற புகாரும் ஓயாது. பென்சில்வேனியா 1874 அரசியலமைப்பில் மன்னிப்பு வாரியம் ஒன்றை வைத்து, அதன் பரிந்துரை இல்லாமல் ஆளுநர் கைவைக்கக் கூடாது என்று கட்டிப்போட்டது.

கூடலான் எழுதியது:

அன்புள்ள பொன்னி அம்மாவுக்கு,

வழக்கறிஞர் நண்பர் நீதிமன்றச் சொல்வழக்கைச் சொன்னார், மகிழ்ச்சி. ஆனால் 'மன்னிப்பு' தமிழ்தானா என்பதே ஐயம். தமிழின் சொல் பொறுத்தல். தண்டிப்பதற்கு ஒறுத்தல். வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் எதிரெதிரே நிறுத்திவிட்டார்: 'ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம் பொறுத்தார்க்குப் பொன்றும் துணையும் புகழ்.' இதைவிட என்ன வேண்டும்? பார்டன் என்பதற்குப் பொறுப்பு. கம்யூட்டேஷனுக்கு ஒறுப்புமாற்று. ரெமிஷனுக்கு ஒறுப்புக்குறை. ரிப்ரீவ் ஒறுப்புநிறுத்தம். ஐந்தையும் தழுவிய கிளெமென்சிக்குக் கண்ணோட்டம். ஓர் அதிகாரமே இருக்கிறது. 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு' என்பதை அந்த ஆளுநர்கள் மேசையில் எழுதி வைத்திருக்கலாம்.

கணியன் எழுதியது:

கூடலான் ஐயா, 'ஆளுநர் பொறுப்பு' என்று தலைப்பிட்டால், ஆளுநர் விடுமுறையில் போயிருக்கிறார், வேறு யாரோ பொறுப்பு ஆளுநர் என்றுதான் படிப்பார்கள். 'கண்ணோட்டம்' இன்றைக்கு 'பெண்ணியக் கண்ணோட்டம்' என்கிற பொருளுக்குக் குடிபோய்விட்டது. மேலும் அதே வள்ளுவர்தான் செங்கோன்மையில் 'ஓர்ந்துகண் ணோடாது' என்கிறார். நீதி செய்கிற அரசனுக்குக் கண்ணோடக் கூடாது என்று அங்கே, கண்ணோட வேண்டும் என்று இங்கே. ஆளுநர் எந்தக் குறளைப் பின்பற்றுவார்?

மன்னிப்பின் பிறப்பு பற்றி. அது உருதுவின் 'மாஃப்' என்று ஒரு பேச்சு வெகுகாலமாக ஓடுகிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. தெலுங்கில் மன்னிஞ்சு, கன்னடத்தில் மன்னிசு. இரண்டுக்கும் மதித்தல் என்றும் பொருள், பொறுத்தல் என்றும் பொருள். 'மாஃப்' எப்படி மதிப்பைக் கொண்டுவரும்? 'மான்ய' (மதிக்கத்தக்க) என்ற வடசொல் பிராகிருதம் வழியாக வந்திருக்கலாம். 'மனு'வையும் தெலுங்கின் 'மனவி'யோடு வைத்துப் பாருங்கள், அதற்கும் விண்ணப்பம் என்றுதான் பொருள். ஆக 'மன்னிப்பு மனு' என்ற தொடரையே வடக்கேயிருந்து கட்டி இறக்கியிருக்கிறோமோ என்னவோ. (சரி, இது பொன்னி அக்காவுக்கு உதவாது.)

உதவக்கூடியது ஒன்று: வேற்றுமை உருபு. ஆளை மன்னிக்கலாம், குற்றத்தை மன்னிக்கலாம். 'தண்டனையை மன்னித்தார்' என்று வாய் வருகிறதா? தண்டனையை நீக்கலாம், விலக்கலாம். ஆளுநர் செய்தது எதை?

நல்லூரான் எழுதியது:

எங்கள் பக்கத்துச் சொல்வழக்கையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பத்திரிகைகளில் ஜனாதிபதி ஒரே ஓர் ஆளை விட்டாலும் 'பொதுமன்னிப்பு'தான். வெசாக் பண்டிகைக்கு நூற்றுக்கணக்கில் விட்டாலும் அதே சொல்தான். பொது எங்கே இருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. இந்தியாவில், பலருக்கு ஒருசேரக் கொடுக்கும் அம்னெஸ்டிக்குப் பொதுமன்னிப்பு என்பீர்கள். பாடநூல் யாழ்ப்பாணத்திலும் வாசிக்கப்படும் என்றால் குறிப்பு அவசியம்.

பொன்னி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கணியன் தம்பி கேட்ட கேள்வியில்தான் நானும் நிற்கிறேன். நூலில் வரும் இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன், சொல்லை அதில் உரசிப் பாருங்கள்.

பாஸ்டனில் வாஷிங்டன் குட் என்ற கறுப்பினக் கப்பலோட்டிக்குக் கொலைக் குற்றத்தில் தூக்கு. அவரை ஆயுள் தண்டனையோடு விடுங்கள் என்று 24,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுக்கள் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜார்ஜ் பிரிக்ஸிடம் போயின. பிரிக்ஸ் இணங்கவில்லை. 1849 மே 25இல் தூக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டர், கடன் கொடுத்த ஜார்ஜ் பார்க்மனைக் கொன்ற வழக்கில் சிக்கினார். வெப்ஸ்டரின் முதல் மனு, நான் குற்றமற்றவன், பார்டன் தாருங்கள். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்துப் போட்ட மனு, கொன்றது நான்தான், ஆனால் திட்டமிடவில்லை, கம்யூட்டேஷன் தாருங்கள். வாஷிங்டன் குட்டைத் தூக்கிலிட்ட கையால் பேராசிரியரை எப்படி விடுவது என்று அன்றைய பத்திரிகைகளே கேட்டன. 1850 ஆகஸ்ட் 30இல் அவரும் போனார்.

பாருங்கள், குற்றமே செய்யவில்லை என்கிறவர் கேட்பது 'மன்னிப்பு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்தது சிகாகோ ஹேமார்க்கெட். 1886 மே 4இல் தொழிலாளர் கூட்டத்தில் நடந்த குண்டுவெடிப்புக்காக ஏழு பேருக்குத் தூக்கு, ஆஸ்கர் நீபிக்கு மட்டும் 15 ஆண்டு. 1887 நவம்பரில் இல்லினாய் ஆளுநர் ஓகில்ஸ்பி, ஃபீல்டன், ஷ்வாப் இருவரின் தூக்கை ஆயுளாக மாற்றினார். அவர்கள் மனுப் போட்டிருந்தார்கள். எழுவரில் இன்னொருவரான பார்சன்ஸ் போட மாட்டேன் என்றுவிட்டார். இரக்கம் வேண்டாம், விடுதலை கொடு, இல்லையென்றால் தூக்கிலிடு என்பது அவர் கட்சி. நவம்பர் 11இல் ஸ்பைஸ், ஃபிஷர், எங்கல் ஆகியோருடன் தூக்கிலிடப்பட்டார். லிங் முந்தின நாளே சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். 1893 ஜூன் 26இல் அடுத்த ஆளுநர்களில் ஒருவரான ஆல்ட்கெல்ட், மிஞ்சிய மூவருக்கும் முழுப் பார்டன் கொடுத்தார். வந்த மனுக்களில் பெரும்பாலானவை, குற்றவாளிகள் என்றே வைத்துக்கொண்டாலும் பட்டது போதும் என்றன. அவர் அந்தக் காரணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஜூரியைத் தேர்ந்த முறை மோசடி, நீதிபதிக்குக் காழ்ப்பு, குண்டு எறிந்தவன் யாரென்றே நிறுவவில்லை என்று நீண்ட அறிக்கை எழுதினார். இதை 'ஆல்ட்கெல்ட் மன்னித்தார்' என்று எழுதினால் அவர் சொன்னதற்கு நேர்மாறாகப் போகிறது.

கூடலான் எழுதியது:

அம்மா, இதற்குத்தான் சிலம்பு. கட்டுரைக் காதையில் மதுராபதி சொல்லும் வார்த்திகன் கதை. திருத்தங்கால் அந்தணன். பையன் அணிந்திருந்த நகையைப் பார்த்து, புதையல் எடுத்தான் என்று காவலர் அவனைச் சிறையில் அடைத்தார்கள். அந்த அநீதியால் ஐயை (கொற்றவை) கோயில் கதவு திறக்கவில்லை. பாண்டியன் விசாரித்து உண்மை அறிந்து வார்த்திகனை விடுவித்து என்ன சொன்னான்? 'இறைமுறை பிழைத்தது பொறுத்தல்நும் கடன்.' பொறுக்க வேண்டியவன் கைதி. பிழைத்தது அரசு. திருத்தங்காலையும் வயலூரையும் கொடுத்து நிலத்தில் விழுந்தான். ஆல்ட்கெல்ட் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, விழுந்து கும்பிடாததைத் தவிர?

ஆகவே மனு இருவகை. இரந்து போடுவது கருணை மனு. பிழையைச் சுட்டிப் போடுவது முறையீடு, முறை கேட்பது. முதலதன் விளைவு பொறுத்தல், இரண்டாவதன் விளைவு சிறைவீடு, அதாவது சிறையிலிருந்து விடுதலை.

(புறம் 46ஐயும் விடக்கூடாது. பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகும்போது புலவர் கோவூர் கிழார் சோழன் கிள்ளிவளவனிடம் போட்டது நம் மொழியின் பழைய கருணை மனு. யானையைக் கண்டதும் அழுகையை மறந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், புதிய கூட்டத்தைக் கண்டு மிரள்கிறார்கள் என்கிறார். எந்த மருத்துவர் சீட்டும் இதற்கு ஈடாகாது.)

வழக்காடி எழுதியது:

ஐயா, சிலிர்த்தது, மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் ஆவணம் ஒன்றே. காரணம் கருணையோ திருத்தமோ, அரசு முத்திரையுடன் வருவது அதே பார்டன். 1833இல் வில்சன் வழக்கில் அமெரிக்கத் தலைமை நீதிபதி மார்ஷல் அதை ஒரு பத்திரம் போலவே பார்த்தார்: கொடுத்தால் போதாது, வாங்க வேண்டும். தபால் கொள்ளையில் தூக்குத் தண்டனை பெற்ற வில்சன், ஜனாதிபதி ஜாக்சன் கொடுத்ததை வாங்க மாட்டேன் என்றார். ஜார்ஜியாவில் 1831இல் செரோக்கி பழங்குடியினர் மண்ணில் உரிமம் இல்லாமல் தங்கினதாகச் சிறைவைத்த மிஷனரிகளில் வூஸ்டரும் பட்லரும் மாநில ஆளுநரின் பார்டனை மறுத்து, வழக்கை உச்ச நீதிமன்றத்தில் 1832இல் வென்று, அப்புறமும் சிறையில் கிடந்து, 1833 ஜனவரியில்தான் ஆளுநர் லம்ப்கின் ஆணையில் வெளியே வந்தார்கள். ஒரே காகிதத்தை ஒருவர் கருணையாக நீட்டுவார், மற்றவர் அவமானமாகப் பார்ப்பார். அதற்காக இரண்டு கலைச்சொல் வைக்க முடியாது. பாடநூலில் ஒரு கருத்துக்கு ஒரு சொல்.

இன்னொன்று. தண்டனை முடியப்போகிற நேரத்திலும் பார்டன் கேட்டார்கள், ஓட்டுரிமையும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் தகுதியும் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக. கூட்டாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லவைக்க அரசுத் தரப்பே கைதிக்குப் பார்டன் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. அதற்குச் 'சிறைவீடு' எப்படிப் பொருந்தும்?

கணியன் எழுதியது:

'தண்டனை நீக்கம்' என்றால் இரண்டு பக்கமும் ஒட்டும். வேற்றுமையும் இடிக்காது.

வழக்காடி எழுதியது:

தண்டனை நீங்கும், குற்றவாளி என்ற பெயர் நீங்காது என்று மாணவன் நினைப்பான். பார்டன் அதையும் தொடுவது.

மட்டுறுத்துநர் எழுதியது:

நண்பர்களே, சொற்பிறப்பு பற்றி எழுத விரும்புவோர் தனி இழை தொடங்கவும். பொன்னிக்கு நாளை கடைசி நாள்.

பொன்னி எழுதியது:

முடித்துவிட்டேன். மன்னிப்பு, தண்டனை மாற்றம், தண்டனைக் குறைப்பு, நிறுத்திவைப்பு. கிளெமென்சிக்குக் கருணை அதிகாரம். ரெஸ்பைட்டுக்குத் 'தற்காலிகத் தள்ளிவைப்பு', அழகில்லைதான். வெப்ஸ்டரின் முதல் மனுவையும் ஆல்ட்கெல்டுக்குப் போனவற்றில் விசாரணையைக் குறை சொன்னவற்றையும் 'முறையீடு' என்றே எழுதியிருக்கிறேன், அது கூடலான் ஐயாவுக்கு. 'மன்னித்தார்' என்ற வினையை அந்தப் பக்கங்களில் தவிர்த்து 'மன்னிப்பு ஆணை பிறப்பித்தார்' என்று நழுவிவிட்டேன்.

கூடலான் எழுதியது:

முறையீட்டுக்குக் கிடைத்த விடை மன்னிப்பு ஆணை என்று அச்சாகப் போகிறது. என் உடன்பாடின்மையைப் பதிந்துகொள்க. புறம் 46க்குத் தனி இழை இன்றிரவு.

நல்லூரான் எழுதியது:

பொதுமன்னிப்புக் குறிப்பு சேர்ந்ததா? ரெஸ்பைட்டுக்குத் 'தவணை' என்று யாரும் யோசிக்கவில்லையே.