சிலிக்கான் மேற்பரப்பில் நானோ புள்ளிகள் வராமல் போனது ஏன்?

ஆர்கான்மாணவன்:
வணக்கம். சிலிக்கான் வேஃபரை (மெல்லிய தகட்டை) 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆர்கான் அயனிக் கற்றையால் செங்குத்தாகத் தாக்கும்போது நானோ புள்ளிகள் (நானோமீட்டர் அளவிலான சிறு மேடுகள்) தாமாகவே உருவாகி வந்தன. வேஃபரைப் பிடித்திருந்த ஸ்டீல் கிளிப்புகளை நீக்கிவிட்டு, ஆய்வகத்தில் புதிய தாங்கி பொருத்தினார்கள். அதன்பிறகு ஏஎஃப்எம்மில் (நுண்முனையால் மேற்பரப்பைத் தடவிப் படமெடுக்கும் நுண்ணோக்கியில்) வெறும் சமதளம்தான் தெரிகிறது. ஆற்றலும் நேரமும் பழையபடியே இருக்கின்றன. பிராட்லி–ஹார்ப்பர் கோட்பாட்டின்படி (1988) மேடுகளைவிடக் குழிகள் வேகமாக அரிபடும். எனவே எந்தக் கோணத்திலும் வடிவம் எழவேண்டும் அல்லவா? கற்றையில் கோளாறா?

வெற்றிடக்கலன்:
கற்றையை விட்டுவிடுங்கள். சந்தேகப்பட வேண்டியது பழைய புள்ளிகளைத்தான். கற்றையின் ஓரம் கிளிப்பில் பட்டு, இரும்பு அணுக்களை வேஃபர்மேல் தூவியிருக்கும். இரும்பு சேர்ந்த இடமும் சேராத இடமும் ஒரே வேகத்தில் அரிபடுவதில்லை. 2010இல் மாக்கோ குழுவினர் 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கிரிப்டான் அயனிகளைக் கொண்டு சோதித்தார்கள். தூய சிலிக்கானில், செங்குத்திலிருந்து அளந்தால், 55 பாகைக்குக் கீழே எந்த வடிவமும் இல்லை. இரும்பு அடங்கிய ஸ்டீலையும் சேர்த்துத் தூவியதும் வடிவங்கள் எழுந்தன. பழைய வேஃபர் இருந்தால் எக்ஸ்பிஎஸ்ஸில் (எக்ஸ் கதிரால் மேற்பரப்பின் தனிமங்களைக் கண்டறியும் முறையில்) 707 எலக்ட்ரான்வோல்ட் அருகே இரும்பின் உச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சாய்கோணம்:
கோட்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிராட்லி–ஹார்ப்பர் கணக்கில் அரிப்பும், வெப்பத்தால் அணுக்கள் மேற்பரப்பில் பரவுவதும் மட்டுமே உண்டு. மோதலில் வெளியேறாமல் சற்றே தள்ளப்படும் அணுக்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். செங்குத்துக்கு அருகே அவை மேடுகளிலிருந்து பள்ளங்களுக்கு நகர்ந்து நிரவிவிடும். 1996இல் கார்ட்டரும் விஷ்னியாகோவும் இதைச் சேர்த்த பிறகே சமதளம் புரிந்தது.

ஆர்கான்மாணவன்:
நன்றி. பழைய வேஃபரில் இரும்பு இருக்கிறது. கிளிப் இருந்த ஓரத்தில் தூக்கலாகவே இருக்கிறது! ஆனால் 1999இல் ஃபாக்ஸ்கோ குழு காலியம் ஆன்டிமனைடில் செங்குத்தாகவே புள்ளிகளைப் பெற்றதே?

வெற்றிடக்கலன்:
அது இரு தனிமங்கள் சேர்ந்த பொருள். ஒன்று மற்றதைவிட எளிதில் பெயர்வதால் மேற்பரப்பின் சேர்மானமே மாறிவிடுகிறது. வெளியிலிருந்து இரும்பு தேவையில்லை. சிலிக்கானில் தூய வடிவம் வேண்டுமென்றால் வேஃபரை 65 பாகை அளவுக்குச் சாய்த்துப் பாருங்கள், அலைவரிகள் வரும்.

ஆர்கான்மாணவன்:
அந்த வரிகள் படிகத்தின் திசையைப் பின்பற்றுமா?

சாய்கோணம்:
பின்பற்றாது. அறை வெப்பநிலையில் மேலே சில நானோமீட்டர் படிக ஒழுங்கை இழந்துவிடும்; வரிகள் கற்றையின் திசையைத்தான் பார்க்கும். படிகமே வடிவத்தை வகுக்க வேண்டுமென்றால் ஜெர்மானியத்துக்கு மாறுங்கள். 350 டிகிரி செல்சியஸில் செங்குத்தாகத் தாக்கினால் மேற்பரப்பு படிகமாகவே நிற்கும். படிகத் திசைகளுக்கு இசைந்த சதுரங்கக் கட்டப் பாங்கு எழும். வெப்பநிலையைத் தாங்கியில் அளக்காமல் வேஃபரின் முகத்திலேயே அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.