பழைய லீஃப்: காலையில் ரெடி வருவதில்லை, இரவில் சார்ஜ் நின்றுவிடுகிறது

கல்லடிக்காரன்:
2013 நிசான் லீஃப் மின்சாரக் கார், பற்றரி 24 கிலோவாட் மணி. பற்றரியின் ஆரோக்கியம் காட்டும் பன்னிரண்டு பாரில் எட்டு மிச்சம். வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. மூன்று கிழமையாக இரண்டு தொல்லை. காலையில் பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தினால் எச்சரிக்கை லைட் எல்லாம் எரிகிறது, உள்ளே ரிலே டிக் டிக் என்கிறது, வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி லைட் மட்டும் வராது. நாலைந்து தரம் அழுத்தினால் சில நாள் வரும். மற்றது, இரவு ஜப்பான் வண்டிகளுக்கான சார்ஜ் கேபிளில் போட்டால் அரை மணித்தியாலத்தில் நின்றுவிடும், பத்து வீதம்தான் ஏறியிருக்கும். கராஜில் காட்டினேன், பெரிய பற்றரி முடிந்தது என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு வண்டியே எடுக்கலாம் போல.

வாழைச்சேனை வயர்மேன்:
தம்பி, அவசரப்பட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பார் குறைந்தால் ஓடும் தூரம் குறையும், அதற்காக வண்டி டிக் டிக் என்காது. அது முன் பொனட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பற்றரியின் வேலை. பெரிய பற்றரியை இணைக்கும் ரிலே சுவிச்சுகளை இயக்குவதே அதுதான், அது சோர்ந்தால் பெரிய பற்றரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் பயனில்லை. இரவு நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து மல்டிமீற்றரால் பாருங்கள், மறுகா காலையில் கதவைத் திறக்க முன் பாருங்கள். 12.5க்குக் கிட்ட இருந்தால் நல்லது, 12க்குக் கீழே என்றால் விடை கிடைத்துவிட்டது. ரெடி வந்த பிறகும் அளவுங்கள், 13க்கு மேல் ஏறாவிட்டால் பெரிய பற்றரியிலிருந்து சின்னதைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே புளூடூத் கருவி ஏதும் செருகி வைத்திருக்கிறீர்களா? அதுவும் சின்னப் பற்றரியை உறிஞ்சும். செம்மஞ்சள் வயர்ப் பக்கம் மட்டும் கை வைக்க வேண்டாம், அதில் 360 வோல்ட் அளவில் ஓடுகிறது.

கல்முனை:
சார்ஜ் நிற்பது வேறு கதை என்று நினைக்கிறேன். 12 வோல்ட் சோர்ந்தால் சார்ஜ் தொடங்கவே தொடங்காது. தொடங்கி அரை மணித்தியாலம் ஓடிவிட்டு நிற்கிறது என்றால் சூடுதான். சாதாரண 13 அம்பியர் பிளக்கில்தானே போடுகிறீர்கள்? அந்தக் கேபிள் 15 அம்பியர் வரை இழுக்கும், நம்மூர் உப்புக் காற்றில் பிளக்கின் பித்தளைக் கால் கறுத்திருந்தால் சொல்லவே வேண்டாம். நின்றவுடன் சுவிச்சை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். என் வீட்டில் சொக்கெட் உருகிப் பழுப்பேறி, மனிசி மீன் கருகுகிறது என்று குசினிக்குள் தேடினா. இப்போது மெயினிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், நீல நிற 32 அம்பியர் சொக்கெட். எர்த் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள், காய்ந்த மணலில் எர்த் நன்றாகப் பிடிக்காது, சில கேபிள்கள் எர்த் இல்லாவிட்டால் அசையவே மாட்டா.

கல்லடிக்காரன்:
காலையில் 11.6. ரெடி வந்ததும் 14.2. நெகட்டிவ் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. செருகிய கருவியும் ஓம், பற்றரி நிலையைக் காட்டும் லீஃப் ஸ்பை என்ற போன் ஆப்பில் பார்க்க வாங்கி மாதக்கணக்கில் கழற்றவே இல்லை. அதைக் கழற்றி, முனையைச் சுரண்டி, 12 வோல்ட்டை வெளிச் சார்ஜரில் ஒரு இரவு போட்டேன். நாலு நாளாக ஒரே அழுத்தில் ரெடி. பிளக்கில் ஒரு கால் கறுத்துத்தான் இருக்கிறது, இங்கே ஒரு வயர்மேன் ஞாயிறு வருகிறார்.

வாழைச்சேனை வயர்மேன்:
அப்போ கன்வெர்ட்டர் நல்லது. சின்னப் பற்றரி நாலைந்து வருடம் பழையது என்றால் இனி நம்ப வேண்டாம், புதிதாகப் போடுங்கள். அந்தக் கருவியை ஒரே ஒரு தரம் செருகி பெரிய பற்றரிக்குள் இருக்கும் 96 செல் சோடியின் வோல்ட் அளவையும் படம் எடுத்துப் போடுங்கள், ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்து நிற்கிறதா என்று பார்ப்போம். மறுகா கழற்றிவிடுங்கள்!