பதினாறு வயது மகளைச் சின்ன பேண்ட் ஷோவுக்கு அனுப்பலாமா? போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்

பீடோக்வாசி:

வணக்கம், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மகள் உயர்நிலை நான்கு படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள், அதுவும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான். எங்கள் வீட்டுச் சுவர் அப்படி, பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினால் எங்களுக்குக் கேட்கும். போன வாரம் வந்து, "அப்பா, அலிவால் ஸ்திரீட்ல ஒரு ஷோ இருக்கு, நாலு பேண்ட், எல்லாம் இங்கேயே இருக்கறவங்க, சொந்தப் பாட்டு, போகட்டுமா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் இதுவரை போன கச்சேரிகள் வேறு வகை. இந்தியாவிலிருந்து பெரிய இசையமைப்பாளர் வருவார், உள்ளரங்கில் நூற்றைம்பது வெள்ளி கொடுத்து மேல்வரிசையில் உட்கார்ந்து முக்கால்வாசி நேரம் திரையைப் பார்த்துவிட்டு வருவோம். இல்லையென்றால் பிஜிபி மண்டபத்தில் மெல்லிசை. நின்றுகொண்டே கேட்கிற சின்ன ஷோவுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. அங்கே மது இருக்குமா, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்களாமே, காது என்ன ஆகும், எத்தனை மணிக்கு முடியும்? நானும் கூடப் போனால் நன்றாக இருக்குமா? இன்னொன்று, தமிழில் பாடுகிற பேண்ட் ஏதாவது இந்த மாதிரி மேடைகளுக்கு வருகிறதா?

அவளுக்கு இது பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. விவரம் தெரியாமல் சரி என்று சொல்லவும் முடியவில்லை.

வாரக்கடைசிநடை:

அண்ணா, கண்டிப்பாக அனுப்புங்கள், முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். நான் பதினேழு வயதில் போக ஆரம்பித்தவள், இப்போது இருபத்தெட்டு.

முதலில் இடத்தைப் பாருங்கள். பாரில் நடக்கிற ஷோ என்றால் பெரும்பாலும் 18 வயது என்று கதவிலேயே அடையாள அட்டை கேட்பார்கள். கலை மையங்களில் நடப்பவை வேறு, பெரும்பாலும் எல்லா வயதினரும் வரலாம். அலிவால் கலை மையம் 2013இல் திறந்தது, கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசல் பக்கம், பூகிஸ் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே நான் போன ஷோக்களில் பாதிப் பேர் பாலிடெக்னிக் மாணவர்கள், சிலர் பள்ளிச் சீருடையை மாற்றிக்கொண்டு நேராக வந்தவர்கள். வயது வரம்பு ஷோவுக்கு ஷோ மாறும், அதனால் டிக்கெட் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

பணம் என்று பார்த்தால் நான் கொடுத்தது 15 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. நீங்கள் சிங்கப்பூரர் என்றால் அரசு தருகிற எஸ்ஜி கல்ச்சர் பாஸில் 100 வெள்ளி கிடைத்திருக்கும், 2028 டிசம்பர் 31 வரை செல்லும். அதன் பட்டியலில் உள்ள உள்ளூர் நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தலாம், எத்தனையோ பேர் தொடாமலே வைத்திருக்கிறார்கள். நான் போனவை பெரும்பாலும் பத்தரை, பதினொன்றுக்குள் முடிந்துவிடும், ரயில் கிடைக்கும். பசித்தால் நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஸம் ஸம் இருக்கிறது, ஷோ முடிந்து காது 'ங்ங்' என்று இருக்கும்போது ஆட்டிறைச்சி முர்தபா சாப்பிடுவது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இடிப்பது பற்றிக் கேட்டீர்கள். அது பங்க், ஹார்ட்கோர் மாதிரியான பாட்டுக்குத்தான், அதுவும் மேடைக்கு முன்னால் நடுவில் மட்டும். ஓரத்தில் நின்றால் யாரும் தொடமாட்டார்கள். நடுவில் யாராவது விழுந்தால் சுற்றி நிற்கிற ஐந்து பேர் ஒரே நேரத்தில் குனிந்து தூக்குவார்கள். என் கண்ணாடி ஒரு தடவை விழுந்தபோது ஒரு பையன் இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் நிறுத்திவிட்டு, ஃபோன் வெளிச்சத்தில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனான்.

அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை வேண்டுமென்றால் எஸ்பிளனேட் கலை அரங்கில் பேபீட்ஸ் நடக்கும்போது போய்ப் பாருங்கள். 2002இலிருந்து நடக்கிற விழா, பெரும்பாலும் இலவசம், நீர்ப்பரப்பைப் பார்த்த திறந்த மேடையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். புதுப் பேண்டுகளை ஆடிஷன் வைத்து எடுத்து, மூத்தவர்களை வைத்துப் பழக்கி மேடை ஏற்றுகிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தத் தகவலும் போய்ச் சேரட்டும்.

பழையடிரம்மர்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். 1990களில் நான் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை, வேண்டாம் என்றார். நான் சொல்லாமல் போனேன்.

அப்போது எங்களுக்கு இடம் என்றால் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன்தான். 1926இல் கட்டிய மின் நிலையம் சும்மா கிடந்ததை 1990இல் நாடகக்காரர் குவோ பாவ் குன் கலைகளுக்கான இடமாக மாற்றினார். பின்னால் இருந்த தோட்டத்தில் வாசிப்பார்கள். வியர்வை, கொசு, மழை வந்தால் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி மேல் தார்ப்பாய். பேஸ் டிரம் அடிக்க அடிக்க முன்னால் நகர்ந்துகொண்டே போகும், அதற்காக ஒரு செங்கலைத் துண்டில் சுற்றி முன்னால் வைப்போம், அந்தச் செங்கல் என் வீட்டில் இன்னும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்ற நினைப்பு அந்த இடத்தில் இருந்தது. 2021 ஜூலையில் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறினார்கள். அன்று நான் அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கோல்டன் மைல் டவரில் புரொஜெக்டர் இருந்தது, படமும் போடுவார்கள், பேண்டும் வாசிக்கும், 2025 ஆகஸ்டில் அதுவும் மூடிவிட்டது. இப்படி ஒவ்வொன்றாகப் போகும்போது, இருக்கிற இடங்களுக்கு ஆள் வரவேண்டும் என்பது என் ஆசை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்பது பேர், ஆளுக்கு 20 வெள்ளி, மொத்தம் 1600. அதில் அரங்க வாடகை, சவுண்ட் வாடகை, சவுண்ட் ஆள், அப்புறம் நிகழ்ச்சி நடத்த அரசின் ஐஎம்டிஏ உரிமம், பாடல் உரிமைக்குக் காம்பஸ் கட்டணம், இதெல்லாம் போக மிச்சத்தை நான்கு பேண்ட் பிரிக்கவேண்டும். ஒரு பேண்டில் நாலு பேர். இவர்கள் ஒத்திகை பார்க்க ஜாமிங் ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் கொடுத்த காசுகூடத் திரும்பி வராது. நாங்கள் ஒரு பாரில் மூன்று செட் வாசித்தோம், முடிந்ததும் கூட்டம் குறைவு என்று சொல்லிப் பேசிய பணத்தில் பாதிதான் தந்தார்கள். டாக்ஸிக்கும் டிரம் தூக்குவதற்குமே அது போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன், உள்ளே போனால் ஒரு டிஷர்ட்டோ கேசட்டோ அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள், அது நேராக அடுத்த பாட்டுப் பதிவுக்குப் போகும். முதல் பேண்டுக்கே போய்ச் சேருங்கள். கடைசியில் வாசிப்பவர்களுக்குக் கூட்டம் எப்படியும் இருக்கும், முதலில் ஏறுகிற பிள்ளைகள்தான் பாதி காலி ஹாலைப் பார்த்து வாசிக்கிறார்கள்.

நம் ஆட்கள் இதில் இல்லை என்று நினைக்காதீர்கள். ருத்ரா என்ற மெட்டல் பேண்ட் 1992இல் இங்கே தொடங்கியது. டெத் மெட்டலோடு சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் சேர்த்து வேதிக் மெட்டல் என்று ஒரு பாணியையே உண்டாக்கினார்கள். வெளிநாடுகளில் அவர்களுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

கேபிள்சுருட்டி:

நான் சவுண்ட் வேலை பார்க்கிறவள். காதைப் பற்றிக் கேட்டீர்களே, அதை மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே இருவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

சின்ன ஹால் என்றாலே சத்தம் அதிகம், ஏனென்றால் டிரம்ஸைக் குறைக்க ஒரு பட்டனும் கிடையாது. அவர் அடிக்கிற அடி அப்படியே வரும், மற்றதையெல்லாம் அதற்கு மேல் ஏற்றித்தான் ஆகவேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு. அதிலிருந்து மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். அப்படிப் போனால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஷோ மூன்று மணி நேரம். ஆகவே காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது, மருந்துக்கடையில் நுரைக் காதடைப்பான் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

எல்லாரும் அதைத் தப்பாகவே போடுகிறார்கள், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரலில் நன்றாக உருட்டி மெல்லிய திரி மாதிரி ஆக்குங்கள். வலது காதுக்கென்றால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேல்நோக்கி இழுங்கள், துளை நேராகும். உள்ளே தள்ளிவிட்டு, அது விரிந்து அடைக்கிறவரை, முப்பது எண்ணும்வரை, விரலால் பிடித்திருங்கள். சரியாகப் போட்டால் உங்கள் குரலே உங்களுக்கு மண்டைக்குள் கேட்கும். தொடர்ந்து போகிற பிள்ளை என்றால் இசைக்காரர்களுக்கென்றே ஃபில்டர் வைத்த காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், அதில் பாட்டு மங்கலாகாமல் அளவு மட்டும் குறையும்.

அப்புறம் எங்கே நிற்பது. முதல் வரிசையில் நின்றால் கிட்டாரும் டிரம்ஸும் நேராக முகத்தில் வரும், பாடுபவர் குரல் மட்டும் சரியாகக் கேட்காது, ஏனென்றால் குரல் ஓரத்து ஸ்பீக்கரில்தான் வருகிறது. அது உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடும். சொற்கள் கேட்கவேண்டுமென்றால் எங்கள் மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், நாங்கள் எங்கே நின்று கேட்டுச் சரிசெய்கிறோமோ அங்கேதான் ஒலி சரியாக இருக்கும். மூலையில் மட்டும் நிற்காதீர்கள், பேஸ் அங்கே போய்த் தேங்கிக் குமுறும். பேஸ் வாசிக்கிற பெண் என்பதால் சொல்கிறேன், ஒரு பாட்டை மேசைப் பக்கம், அடுத்ததைப் பேஸ் ஆம்ப் பக்கம் நின்று கேட்கச் சொல்லுங்கள், அவளுக்கே புரியும்.

ஜூரோங்காற்று:

தமிழ்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். குறைவு. மிகக் குறைவு. நம்மிடம் வாசிக்கிறவர்கள் ஏராளம், கல்யாணத்திலும் விருந்திலும் அவர்கள் விரல் வேகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் கூட்டம் கேட்பது சினிமாப் பாட்டு, அதைத்தான் வாசிக்கிறார்கள். சொந்தமாக ஒன்று வாசிக்கட்டுமா என்று கேட்டால், கடைசியில் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்பார்கள். கடைசியில் நேரம் இருக்காது. ஷபிர் மாதிரிச் சிலர் இங்கேயே தமிழில் எழுதி இசையமைத்து வளர்ந்திருக்கிறார்கள், 2012 தேசிய தினத் தமிழ்ப் பாடல் அவருடையது. நவம்பரில் எஸ்பிளனேடின் கலா உற்சவம் வரும்போது இந்திய இசையோடு புதிதாகச் செய்பவர்கள் மேடை ஏறுவார்கள், இலவச நிகழ்ச்சிகளும் உண்டு, தவறவிடாதீர்கள்.

சென்னையில் 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்ட் முதல் மேடை ஏறியது. கானாவும் ராப்பும் ராக்கும் சேர்த்துத் தங்கள் தெருவின் தமிழில் பாடினார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் யோசித்தது, நம் கோப்பிக்கடைத் தமிழில், தேசிய சேவை முகாமில் பேசுகிற தமிழில், ஒரு பேண்ட் எப்போது வரும் என்றுதான். நூறு பேர் வந்து நின்றால் வரும் என்று நம்புகிறேன்.

பீடோக்வாசி:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை போய்விட்டு வந்தோம், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் பேண்டுக்கே போய்விட்டோம், உள்ளே முப்பது பேர் இருந்திருப்பார்கள். காதடைப்பான் போட இருவருக்கும் மூன்று முயற்சி ஆனது. பாடிய பெண் கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். மைக் ஸ்டாண்டைப் பிடித்திருந்த விரல்கள் முதல் பாட்டு முழுக்க வெளுத்துப்போயிருந்தன, இரண்டாவது பாட்டில்தான் இரத்தம் திரும்பியது. உள்ளரங்கில் இத்தனை வருடம் கொடுத்த காசுக்கு ஒரு பாடகரின் விரலைக்கூட நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பேண்டின்போது மகளைக் காணோம், தேடினால் பேஸ் ஆம்புக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். ஹெட்ஃபோனில் கேட்டதை முதல் தடவையாக நெஞ்சில் கேட்டேன் என்று பிறகு சொன்னாள். முடிந்ததும் பேஸ் வாசித்தவரிடம் அவளே போய்ப் பேசினாள், பத்து நிமிடம், அவர் தன் கிட்டாரையே அவள் கையில் கொடுத்துவிட்டார். தரையில் ஒட்டியிருந்த பாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, டேப்போடு அலமாரியில் ஒட்டிவைத்திருக்கிறாள். இரண்டு டிஷர்ட் வாங்கினோம். முர்தபாவும் ஆயிற்று.

இப்போது அவளுக்கு அந்தப் பேஸ்காரர் கிட்டாரில் போட்டிருந்த அதே மாதிரி ஃபிளாட்வவுண்ட் தந்தி, அதாவது மேல்சுற்று தட்டையாக இருக்கிற தந்தி, வேண்டுமாம். எங்கே வாங்குவது?

பழையடிரம்மர்:

சிட்டி ஹாலில் இறங்கி பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் போங்கள், கிட்டார் கடைகள் வரிசையாக இருக்கும். ஃபிளாட்வவுண்ட் விலை கூடுதல், ஆனால் பல வருடம் உழைக்கும். கிட்டாரை உறையோடு எடுத்துக்கொண்டு போங்கள், புதுத் தந்திக்குக் கழுத்தைச் சரிசெய்யவேண்டி வரலாம். மாற்றும்போது அவளைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த தடவை அவளே மாற்றிக்கொள்வாள்.