தீடையும் எரிமலைத் தீவும் ஒன்றா? ஓட்டைக் கல்லை எப்படிச் சோதிப்பது?

கரைவலை:
தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருக்கும் மணல் தீடைகள் (மணல் திட்டுகள்) கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் ஒரு பக்கம் கரைந்து, வாடை என்ற வடகிழக்குக் காற்றில் இன்னொரு பக்கம் எழும்புகின்றன. கரையில் ஓட்டை ஓட்டையாக லேசான கல்லும் ஒதுங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு "அடியில் எரிமலை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையான கடலடி எரிமலைத் தீவு சில மாதத்தில் காணாமல் போவதும் சில மட்டும் நிற்பதும் எதனால்? அந்தக் கல்லை வீட்டில் எப்படிச் சோதிப்பது?

பாறைக்கண்:
நம் தீடை முழுக்க மணல். அலையும் நீரோட்டமும் சேர்ப்பதும் அரிப்பதும்தான் அதன் கதை. இந்தியாவில் உயிருள்ள எரிமலை அந்தமானின் பாரன் தீவு (Barren Island), போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 135 கி.மீ. தள்ளி.

ஆழம்தான் முதல் கணக்கு. 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். வெகு ஆழத்தில் அந்த அழுத்தம் நீராவியைப் பொங்க விடாது, எரிமலைக் குழம்பு சத்தமில்லாமல் உறைந்துவிடும். மேலே வர வர, 1,100 டிகிரிக் குழம்பில் பட்ட தண்ணீர் நீராவியாகி வெடிக்கும். கடல் மட்டத்தில் ஒரு குடம் தண்ணீர் 1,600 குடத்துக்கு மேல் நீராவியாகப் பெருகும். குழம்பு தூள்தூளாகி, சேவல் வால் மாதிரி கரிய பீச்சல்களாகச் சீறும். அப்படிக் குவிவது வெறும் சாம்பல் மேடு. அலைக்கு நம் தீடையும் அதுவும் ஒன்றே.

சிசிலி அருகே 1831 ஜூலையில் எழுந்த ஃபெர்டினாண்டியாவுக்கு மூன்று நாடுகள் உரிமை கொண்டாடின. சண்டை தீருமுன் அடுத்த ஜனவரிக்குள் தீவே இல்லை! ஐஸ்லாந்தின் சர்ட்சி 1963 நவம்பரில் 130 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. 1964 ஏப்ரலில் கடல்நீர் எரிமலை வாய்க்குள் புகுவது நின்றதும் குழம்பு வழிந்தோடி, சாம்பலுக்கு மேல் கல் மூடி போட்டது. பக்கத்திலேயே முளைத்த சர்ட்லிங்கூர், யோல்னிர் இரண்டுக்கும் அந்த மூடி கிடைக்கவில்லை. சர்ட்லிங்கூர் 1965இலும் யோல்னிர் 1966இலும் கரைந்தன. மூடி போட்ட சர்ட்சியும் 2.7 சதுர கி.மீ.யிலிருந்து ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

ஆழி72:
மூடி மட்டும் இல்லை அண்ணே. சாம்பலுக்குள் சூடான கடல்நீர் ஊறினால் எரிமலைக் கண்ணாடித் துகள் மாறி, சிமென்ட் மாதிரி இறுகும். டோங்காவில் 2015இல் உருவான ஹுங்கா டோங்கா–ஹுங்கா ஹாப்பாய் புதுத் தீவு சில மாதம்கூடத் தாங்காது என்றார்கள். ஏழு வருஷம் நின்றது. 2022 ஜனவரியில் அதை அழித்தது அலை இல்லை, அடுத்த வெடிப்பு.

கல் விஷயம்: உடைத்துப் புது முகத்தில் கழிவறை ஆசிட் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, பெரும்பாலும் பவளம். நுரைக்காவிட்டால் மிதக்கும் எரிமலைக் கல்லாகவோ (பியூமிஸ்) கப்பல் கரிக் கசடாகவோ இருக்கலாம்.

கரைவலை:
எலுமிச்சைச் சாறு போதாதா?

ஆழி72:
முழுக்கல்லில் பெரும்பாலும் ஏமாற்றும். பொடித்து ஊற்றினால் மெதுவாகக் குமிழி வரும். மேற்பரப்பைச் சோதிக்காதீர்கள்: ஒட்டிய கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் சிறு கடலுயிர்) ஓடும் நுரைக்கும், எரிமலைக் கல்லையும் பவளம் என்று சொல்லிவிடுவீர்கள். ஆசிட் என்றால் கையுறை, திறந்த வெளி, ப்ளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வேண்டாம்.

தோணித்துறை:
ஒரு நிமிஷம். பவளத்தைச் செத்ததென்றாலும் வீட்டுக்கு எடுத்துப்போவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கரையிலேயே பாருங்கள், ஆசிட்டே தேவைப்படாது. லென்ஸில் பார்த்தால் பவளத்தின் ஒவ்வொரு குழியிலும் நடுவை நோக்கிச் சக்கர ஆரம் மாதிரி மெல்லிய தகடுகள் தெரியும். எரிமலைக் கல்லில் ஒழுங்கில்லாத வெறும் குமிழிகள்தான், சொரசொரப்பு கண்ணாடித்தூள் மாதிரி. வாளிக் கடல்நீரில் போட்டால் உடனே மூழ்கிவிட்டது என்பதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம், துளைகளில் தண்ணீர் ஏறினால் எரிமலைக் கல்லும் மூழ்கும்.

எரிமலைக் கல்லே கிடைத்தாலும் அடியில் எரிமலை என்று அர்த்தமில்லை. 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கடோவா எரிமலை கக்கிய கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை மிதந்தன. ஜப்பானில் 2021 ஆகஸ்டில் ஃபுகுடோகு ஒகனோபா என்ற கடலடி எரிமலை கக்கிய கல் அக்டோபரில் ஓகினாவாத் துறைமுகங்களை அடைத்தது. கடல்நீர் இழுத்துக் குளிரும் இன்ஜின் உள்ள படகு அந்தக் கல்பரப்பில் போனால் முதலில் வடிகட்டி அடைபடும், அப்புறம் பம்பு விசிறி தேயும், சூடு ஏறும். பக்கவாட்டுக் குழாயில் வெளியேறும் தண்ணீர் மெலிந்தாலே இன்ஜினை நிறுத்தி, கடல்நீர் வால்வை மூடி, வடிகட்டியைக் கழுவ வேண்டும்.