மலைப் பாதையில் ஓடும் பைக்குக்கு ஒரிஜினல் சாமானா, வெளிச் சாமானா?

ஹட்டன்வாசி: பழைய சி.டி. 100. நுவரெலியா, கம்பளை என்று தினமும் ஏற்ற இறக்கத்திலேயே ஓடுது. பின் பிரேக் சூ, செயின் செட், கிளட்ச் பிளேட் மூன்றும் மாற்றணும். ஏஜென்சி விலையைக் கேட்டால் தலை சுற்றுது. கடையில் பாதி விலைக்கு வேறு சாமான் காட்டுறாங்க. எதை வாங்கலாம்?

ரம்பொடை ரைடர்: ஒரிஜினல், வேறு பேச்சே இல்லை. நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு வருவதற்குள் 1,000 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறோம், அவ்வளவு தூரமும் பிரேக் சூ சக்கரத்து டிரம்மில் உரசிக்கொண்டே வருது. சூடு ஏற ஏற டிரம் விரியும், சூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடியும் குறையும். மலிவு சூவில் லைனிங் தகட்டை விட்டே கழன்று வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வளைவுகளில் பிரேக் போனால் கீழே தேயிலைச் செடிதான் பிடிக்கணும்.

பதுளை பாஸ்: தம்பி, இரண்டாம் கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும், சூ ஏன் அவ்வளவு சூடாகுது? பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டுட்டு சாமானைத் திட்டுறாங்க. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரைக்கும் புது பைக் வரவில்லையே, அந்தக் காலம் முழுக்கத் தோட்டத்துப் பைக்குகளை ஓட வைத்தது எது? டொலர் நெருக்கடியில் ஏஜென்சியிலேயே சாமான் இல்லாத நாளெல்லாம் மறந்துபோச்சா? கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வந்த வெளிச் சாமான்தான்.

ரம்பொடை ரைடர்: வேறு வழியில்லாமல் போட்டதை நல்ல சாமான் என்று சொல்லாதீங்க அண்ணே.

பதுளை பாஸ்: வெளிச் சாமான் எல்லாம் ஒரே ரகமும் இல்லை. ரோலான் செயின் கோயம்புத்தூர் எல்.ஜி.பி. செய்வது, இந்தியாவில் பைக் கம்பனிகளுக்குச் செயின் கொடுக்கிறவங்களும் அவங்கதான். அதில் கம்பனிப் பெட்டிக்கு எதற்குக் கூடக் காசு? ஆனால் செயினை மட்டும் மாற்றாதீங்க, தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினையும் தின்றுவிடும். பேர் ஊர் இல்லாத பொலித்தீன் பை சாமானை நானும் தொடமாட்டேன்.

லிந்துலை லோகு: பெட்டியை நம்பியும் பயனில்லை. ஹொலோகிராம் ஒட்டின போலிப் பெட்டியும் கிடைக்குது. ஏஜென்சி பில் இல்லாமல் 'ஜெனுயின்' என்றால் நான் நம்பமாட்டேன்.

ரம்பொடை ரைடர்: அதனால்தான் ஏஜென்சிக்கே போகச் சொல்றேன். சரி, செயினை விடுறேன், கண்ணாடி, கேபிள் மாதிரிச் சாமானையும் எங்கே வேண்டுமானாலும் வாங்குங்க. பிரேக் சூவில் விட்டுக்கொடுக்கமாட்டேன். இரண்டாம் கியரில் வந்தாலும் மழையில் திடீரென்று மாடு குறுக்கே வந்தால் சூதான் நிறுத்தணும்.

பதுளை பாஸ்: சூ விஷயத்தில் உங்களோடு சண்டை பிடிக்கமாட்டேன். ஹட்டன்வாசி, கிளட்ச் பிளேட்டை ஏன் மாற்றணும்?

ஹட்டன்வாசி: ஏற்றத்தில் இன்ஜின் கத்துது, பைக் இழுக்குதில்லை. ஒயில் மாற்றின பிறகு கூடிப்போச்சு. வீட்டில் கார் ஒயில் மிச்சம் இருந்தது.

லிந்துலை லோகு: ஐயோ மச்சான்!

பதுளை பாஸ்: இந்தக் கிளட்ச் பிளேட் ஒயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டு இருக்கிறது. கார் ஒயில் சிலதில் உராய்வைக் குறைக்க மருந்து கலப்பாங்க, அது பட்டால் ஒரிஜினல் பிளேட்டும் வழுக்கும். முதலில் அதை வடித்துவிட்டு, டின்னில் ஜாசோ எம்.ஏ. (JASO MA, ஒயிலில் ஊறும் கிளட்ச்சுக்கான தரக்குறி) என்று போட்ட பைக் ஒயில் ஊற்றுங்க. லீவரில் கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு இருக்கா என்றும் பாருங்க. அப்புறமும் வழுக்கினால் கழற்றி, பிளேட்டின் தடிப்பை அளந்துட்டு வாங்க, எந்தச் சாமான் என்று அப்போது பேசலாம்.