புதுப்பிப்பு: உள்ளே வளைந்த பெட்டிச் சுவர்

பினாங்கின் பிறை நகரில் நாங்கள் ஓட்டும் பாலிப்ரோப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) பெட்டி மோல்டில் (வார்ப்பு அச்சில்), பக்கச் சுவர்கள் உள்பக்கமாக வளைவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். மோல்டை ஆற்றும் சில்லர் (குளிர்விப்பான்) நீரை இன்னும் குளிராக்கலாமா என்றும் கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது, குளிர் கூட்டாமலேயே.

பெட்டி வெளியே வந்ததும் வெப்பமானியை உள்மூலையில் வைத்துப் பார்த்தோம். அங்கேதான் சூடு தேங்கி நின்றது. கோர் (பெட்டியின் உள்பக்கத்தை உருவாக்கும் மோல்ட் பகுதி) மூலையில் எஃகு குறைவு, மூன்று பக்கமும் பிளாஸ்டிக். அது கடைசியாக ஆறிச் சுருங்கும்போது சுவரை உள்ளே இழுக்கிறது. அதனால் கோரில் நெட்டுக்குத்தாகத் துளையிட்டு, நடுவே தடுப்புத் தகடு செருகினோம். நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். மூலைகளுக்கு, சூட்டை வேகமாகக் கடத்தும் பெரிலியம் செம்பில் இன்செர்ட் (பதிக்கும் துண்டு). (அதைத் தேய்க்கும்போது வரும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தூசி உறிஞ்சி இல்லாமல் கை வைக்காதீர்கள்.)

அப்புறம் நீரோட்டம். முன்பு எழுதியபோதே அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, எவ்வளவு குளிர்னு பார்க்காதே, எவ்வளவு வேகம்னு பார்." உண்மைதான். 10 மி.மீ. துளையில் 25 டிகிரி நீர் நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேல் ஓடினால் ரெய்னால்ட்ஸ் எண் (நீர் சீராக ஓடுகிறதா, கொந்தளிக்கிறதா என்று காட்டும் அளவு) 10,000ஐ ஒட்டி வரும். கொந்தளித்து ஓடும் நீர்தான் சூட்டை நன்றாக வாங்கும். வரிசையாகக் கோத்திருந்த ஹோஸ்களைப் பிரித்து, கோருக்குத் தனிச் சுற்று கொடுத்தோம்.

இன்னும் குளிராக்கி 10 டிகிரி நீர் விடுவது பினாங்கு ஈரப்பதத்துக்கு ஒத்துவராது. மோல்ட் வியர்த்து, துருப் பிடிக்கும்.