அடையாறில் பழைய அடுக்ககத்தை இடிக்கப் போகிறோம்: இடிபாட்டைப் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: சங்கச்செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். அடையாறில் 4 கிரவுண்டு மனையில், 1984இல் கட்டப்பட்ட 12 வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. தரைத்தளத்தையும் சேர்த்து மூன்று தளங்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12,000 சதுர அடி. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டுவிட்டதால், கட்டுநர் ஒருவருடன் கூட்டு ஒப்பந்தம் செய்து, இதை இடித்துவிட்டு 19,000 சதுர அடியில் புதிய கட்டடம் எழுப்ப இருக்கிறோம்.

கட்டுநர் தந்த வண்ணக் கையேட்டில் ‘சுழற்சிப் பொருளாதாரம்’, ‘கழிவில்லாக் கட்டுமானம்’ என்று இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்த வரைவில் இதைப் பற்றி இருப்பது ஒரே வரிதான்: “இடிபாடுகள் அனைத்தும் கட்டுநரைச் சேரும், அவற்றை அகற்றுவது கட்டுநரின் பொறுப்பு.” எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் அதுவே போதும் என்கிறார்கள். தரைத்தளத்தில் இருக்கும் பெரியம்மா ஒருவர் மட்டும், தம் கணவர் தேர்ந்தெடுத்து வாங்கிய தேக்கு நிலையும் (கதவைத் தாங்கும் மரச்சட்டம்) கதவும் புதிய வீட்டுக்கும் வர வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். எனக்கு அவர் கேட்பதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இத்தகைய கட்டடத்தில் உண்மையில் எவற்றையெல்லாம் மீட்க முடியும்? உடைத்த கான்கிரீட்டைப் புதிய கட்டடத்திலேயே பயன்படுத்தலாமா? அந்த ஒரு வரிக்குப் பதிலாக நாங்கள் எதை எழுத வேண்டும்?

பதில் 1: கட்டமைப்புப்_பொறியாளர்

தங்கள் கேள்விக்கு முன்னால் ஒரு கேள்வியை வைக்க வேண்டியிருக்கிறது: கட்டடம் இடிக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறதா? 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5லிருந்து 2 ஆன பிறகு, சென்னையில் இன்னும் 30 ஆண்டுகள் நிற்கக்கூடிய கட்டடங்களும் மனையின் கணக்குக்காகவே இடிக்கப்படுகின்றன. கழிவைக் குறைப்பதில் ஆகப் பெரிய பங்கு, இடிக்காமல் விடுவதற்குத்தான் உண்டு. இருந்தாலும் கடற்காற்று படும் அடையாறில், 1984இல் போட்ட தளத்தின் கம்பி துருப்பிடித்து, அடிப்பூச்சு பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தால் உங்கள் முடிவில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆகவே மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். நிரந்தரக் கட்டடங்களை இடிக்கும்போது சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை கழிவு வரும் என்பது நம் நாட்டில் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் கணக்கு. உங்கள் 12,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 1,115 சதுர மீட்டர். அப்படியானால் 335 முதல் 560 டன் வரை வரும். பத்து டன் ஏற்றும் டிப்பரில் 35 முதல் 55 நடை. கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டின் மத்திய விதிகள், ஒரே திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோரைப் பெரிய உற்பத்தியாளராகக் கருதி, கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என்றும், மேலாண்மைத் திட்டத்தை முன்கூட்டியே உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் கூறின. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் வகையில் 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களின் மீது சுமத்துகின்றன. உங்கள் கட்டடம் அந்த அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆகவே விதி வற்புறுத்தும் என்று காத்திராமல், நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான் வழி.

உடைத்த கான்கிரீட்டைப் பற்றி: கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணலுக்குரிய இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 383, 2016இல் திருத்தப்பட்டபோது இதற்கு இடம் கொடுத்தது. கான்கிரீட்டை மட்டும் தனியாக நொறுக்கி எடுத்த ஜல்லியை, கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 என்னும் வலிமைத் தரம் வரை 20 சதவீதமும், கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதமும், அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டான பிசிசியில் முழுவதுமாகவும் சேர்க்கலாம். செங்கல்லும் பூச்சும் கலந்த ஜல்லி பிசிசிக்கு மேல் எதற்கும் ஆகாது. பழைய சாந்து ஒட்டியிருக்கும் ஜல்லி தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். முன்கூட்டியே நனைத்து வைக்காவிட்டால் கலவையின் நீரை அதுவே இழுத்துக்கொள்ளும். பொய்க்கூரையில் இருக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்துவிட்டாலோ, அதிலுள்ள சல்பேட் சிமெண்டைக் கெடுக்கும். அதனால்தான் பொய்க்கூரையை முதலில் கழற்றி வெளியேற்ற வேண்டும் என்று சொல்கிறோம். மொட்டை மாடியில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால், அதை உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்குங்கள். நொறுக்கும் குவியலில் அதன் ஒரு துண்டுகூடச் சேரக் கூடாது.

பழைய கம்பியை நிமிர்த்தி மறுபடியும் தூணில் கட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. அது உருக்குலைக்குத்தான் போக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அதற்கான உலைகள் இருக்கின்றன, விலையும் கிடைக்கும்.

ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புதிதாகக் கட்டும்போதும் சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ வரை கழிவு உண்டு. உங்கள் புதிய கட்டடத்துக்கு அது 70 முதல் 105 டன். கட்டி முடித்த சுவரை வெட்டிக் குழாய் பதிப்பதும், பிளாக்கின் அளவோடு பொருந்தாத சுவரளவும், அறையின் அகலத்தைப் பார்க்காமல் வாங்கிய டைல்ஸும்தான் இதில் பெரும்பகுதியை உண்டாக்குகின்றன. இவையெல்லாம் வரைபடம் இருக்கும் மேசையிலேயே தீர வேண்டியவை.

பதில் 2: பழையமரக்கடை

நாங்கள் மூன்று தலைமுறையாக வீடு இடித்துப் பழைய சாமான் விற்பவர்கள். பொறியாளர் ஐயா நொறுக்குவதைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் நொறுக்காமல் எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் காசு அதில்தான் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத செய்தி, பழைய வீட்டை இடிப்பதற்கு நாங்கள் பெரும்பாலும் பணம் வாங்குவதில்லை, உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டுத்தான் இடிக்கிறோம். அந்தத் தொகையைக் கம்பியும் மரமும் தீர்மானிக்கின்றன. உங்கள் வரைவில் உள்ள ஒரு வரி, அந்தத் தொகை முழுவதையும் கட்டுநரின் பையில் போடுகிறது. அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியக்கூடப் போவதில்லை.

மயிலாப்பூரில் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த பழைய கூரை) போட்ட வீட்டை இடித்தால், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினாலே சாந்தை உதிர்த்துவிட்டு முழுக்கல்லாக வந்துவிடும். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். கூரைக்குக் கொடுத்த பர்மா தேக்கு உத்தரங்களும் அப்படியே இறங்கும். உங்கள் 1984 கட்டடம் சிமெண்ட் காலத்தது. அதில் சாந்து கல்லைவிட இறுகியிருக்கும், தட்டினால் கல்தான் உடையும், சாந்து விடாது. எனவே செங்கல்லில் ஆசை வைக்காதீர்கள். மொசைக் தரையும் முழுதாக வராது.

வரக்கூடியவை இவை: கதவு, நிலை, ஜன்னல், இரும்பு கிரில், சமையலறை மேடைக் கல், அலமாரித் தட்டாகப் போட்ட கடப்பைக் கல், செம்புக் கம்பி, பித்தளைக் குழாய்கள், மாடித் தண்ணீர்த் தொட்டி. இவற்றைக் கையால் கழற்ற இரண்டு வாரமாவது வேண்டும். ஆனால் கட்டுநர் சாவியை வாங்கிய மறுநாளே பிரேக்கர் பொருத்திய ஹிட்டாச்சி இயந்திரத்தை இடிக்கக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். முதல் அடியிலேயே நிலை பிளந்துவிடும். பிளந்த நிலை விறகு விலைக்குத்தான் போகும். அந்த இரண்டு வாரத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பெரியம்மாவின் கதவு நிலையைப் பற்றி: அது நல்ல மரமாக இருந்தால் தாராளமாக மறுபடியும் வைக்கலாம். நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டையான ஹோல்ட்பாஸ்ட்டை நெம்பாமல், சுற்றியுள்ள பூச்சை வெட்டிவிட்டு எடுக்க வேண்டும். இழைப்பதற்கு முன் தச்சர் காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி காந்தத்தைச் சட்டென்று இழுக்கும். அதை எடுக்காமல் இழைப்புளியை வைத்தால் உளி போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியம், நிலையின் அளவை இப்போதே வரைபடக்காரரிடம் கொடுப்பது. சுவர் எழும்பிய பிறகு கதவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், யாரும் வழியை வெட்டித் தர மாட்டார்கள்.

பதில் 3: வேளச்சேரிவாசி

இந்த இழையைச் சென்ற ஆண்டே பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் ஒப்பந்தத்திலும் இதே வரிதான் இருந்தது. லாரிகள் இரவு பதினொரு மணிக்கு மேல் வந்து ஏற்றிக்கொண்டு போயின. எங்கே போகின்றன என்று நாங்கள் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து எங்கள் பழைய செயலாளரின் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. தெற்குப் புறநகரில் ஓர் ஏரிக்கரையில் கொட்டிக் கிடந்த குவியலில், எங்கள் படிக்கட்டின் அடியில் இருந்த பெயர்ப்பலகை, கதவு எண்களோடும் குடும்பப் பெயர்களோடும் முழுசாகக் கிடைத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளில் ஒரு கீறல்கூட விழாத பலகை அது. கட்டுநர் துணை ஒப்பந்தக்காரரைக் காட்டினார். அவர் லாரிக்காரரைக் காட்டினார். அபராதத்தை நாங்கள்தான் கட்டினோம்.

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் இடிபாட்டுக் கழிவு பதப்படுத்தும் மையங்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பெருங்குடி அருகில்தான். ஒவ்வொரு நடைக்கும் எடை மேடைச் சீட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். சீட்டு வந்தால்தான் அடுத்த கட்ட ஒப்புதலில் கையெழுத்து என்று எழுதிவிடுங்கள். “பொறுப்பு” என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

பதில் 4: கட்டுநர்_தரப்பு

சிறிய அளவில் கட்டித் தருபவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. இரண்டு வாரத் தாமதம் என்றால், 12 குடும்பங்களுக்கும் நான் கொடுக்கும் வாடகை இரண்டு வாரம் கூடுகிறது. மறுசுழற்சி ஜல்லியைக் கட்டாயமாக்கினால், ரெடிமிக்ஸ் (ஆலையில் கலந்த கான்கிரீட்) கொடுப்பவர்கள் இத்தனை சிறிய வேலைக்கு அதைத் தனியாகக் கலந்து தர மாட்டார்கள். ஆகவே தூணிலும் தளத்திலும் அதைக் கேட்காதீர்கள். பிசிசியிலும், நடைபாதைக்கான பேவர் பிளாக்கிலும் கேளுங்கள். அங்கே எந்தக் கட்டுநரும் மறுக்கக் காரணம் இல்லை. கழற்றும் வேலையை, வீடுகளைக் காலி செய்துகொண்டிருக்கும் மாதத்திலேயே, காலியான வீட்டிலிருந்து தொடங்கினால் அந்த இரண்டு வாரமும் மிச்சமாகும்.

கேள்வியாளர்: சங்கச்செயலாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்றைய கூட்டத்தில் அந்த வரியை நீக்கிவிட்டு நான்கு நிபந்தனைகளை எழுதினோம். கழற்றக்கூடிய பொருட்களின் பட்டியலைச் சங்கமே தயாரித்து, இரண்டு பழைய சாமான் வியாபாரிகளிடம் விலை கேட்கும்; அந்தத் தொகை சங்கக் கணக்கில் சேரும். காலியாகும் வீடுகளில் அவ்வப்போதே கழற்றும் வேலை நடக்கும்; கடைசி வீட்டின் கழற்றும் பணி முடிந்து நாங்கள் எழுத்தில் ஒப்புதல் தரும் வரை இயந்திரம் உள்ளே வரக் கூடாது. கான்கிரீட்டும் செங்கல்லும் தனித்தனியாகப் போக வேண்டும்; எடைச் சீட்டு இல்லாத நடைக்குக் கணக்கு முடியாது. பிசிசிக்கும் பேவர் பிளாக்கிற்கும் மறுசுழற்சிப் பொருள். கட்டுநர் மூன்றாவதான எடைச் சீட்டு நிபந்தனைக்கு மட்டும் முகம் சுளித்தார். வேளச்சேரி நண்பரின் பெயர்ப்பலகைக் கதையைச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்.

பெரியம்மாவின் கதவு நிலையை அளந்தோம்: 7 அடி உயரம், 3 அடி 6 அங்குல அகலம். புதிய வரைபடத்தில் வாசல் 3 அடி 3 அங்குலம்தான் இருந்தது. வரைபடக்காரர் மூன்று அங்குலம் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பெயர்ப்பலகையை நேற்றே கழற்றி என் வீட்டில் வைத்துவிட்டேன்.